நுண்குழலும் முப்பத்து மூன்று திசைகளும்

இரண்டே வகை டைல்ஸ். ஒன்று வாலில்லாத காற்றாடிப் பட்டம் போல இருக்கும். மற்றது அம்புமுனை போல. எந்த ஓரத்தோடு எந்த ஓரம் சேரலாம் என்பதற்கு ஒரு சின்ன நிபந்தனை. அதை மீறாமலே ஊரளவு முற்றத்தையும் இடைவெளி இல்லாமல் மூட முடியும். ஆனால் கட்டம்போட்ட புடவை மாதிரி ஒரே வடிவம் சீரான இடைவெளியில் திரும்ப வராது. முழுக் கோலத்தையும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தினாலும் அது தன்மேல் தானே பொருந்தாது. 1970களின் நடுவில் இதைக் கண்டுபிடித்தவர் ஆக்ஸ்ஃபர்டின் ரோஜர் பென்ரோஸ். இரண்டு துண்டுகளுக்கும் பட்டம், அம்பு என்று பெயர் வைத்தவர் அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் கான்வே. 1977 ஜனவரியில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியபின் அந்த டைல்ஸ் உலகத்துக்கே தெரிந்துபோயின.

கணித விளையாட்டில் பிள்ளைகளைப் போல ஈடுபட்ட இந்த இரண்டு ஆங்கிலேயர்களும் பிற்பாடு ஒரே வம்பில், வேறு வேறு வாசல் வழியாக, நுழைந்தார்கள். குவாண்டம் இயற்பியலுக்கும் மனிதனின் உள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் அந்த வம்பு. பென்ரோஸ் பிடித்தது பிரக்ஞையை. கான்வே பிடித்தது சுயேச்சையை. (தேர்தலில் நிற்பவரை நினைக்க வேண்டாம், தன் இச்சைப்படி ஒன்றைச் செய்வது என்ற அந்தச் சொல்லின் பழைய பொருளில்தான் சொல்கிறேன்.) இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. குவாண்டத்தையும் மனத்தையும் முடிச்சுப்போடும் பேச்சு நம் மேடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் பெரும்பாலானது ‘எல்லாம் ஒன்று’ என்பதைத் தாண்டுவதில்லை. இந்த இருவர் சொன்னதோ நிரூபணம், எண், நிபந்தனை என்று கையால் பிடித்துப் பார்க்கக்கூடியது. தவறாக இருந்தாலும் எந்த இடத்தில் தவறு என்று விரல் வைக்கலாம்.

முதலில், இருவருமே ஒதுக்கித்தள்ளிய ஒரு வாதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெகுஜனக் கட்டுரைகளில் உலவுவது அதுதான். நியூட்டனின் உலகில் எல்லாமே முன்னமே தீர்மானம் ஆனவை. இந்த நொடியின் நிலை முழுவதும் தெரிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் மறைவாக இருக்காது என்று 1814இல் லப்லாஸ் எழுதினார். அப்புறம் குவாண்டம் வந்தது, தற்செயல் வந்தது. ரேடியம் அணு எந்த நொடியில் சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே விதி உடைந்தது, மனிதன் விடுதலை பெற்றான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோழியை உருட்டிப் போட்டு, அது விழுந்தபடி நான் நடந்தால், அந்த நடை என்னுடையதா, சோழியினுடையதா? மூளைக்குள் ஓர் அணு காரணமில்லாமல் துள்ளியதால் என் கை உயர்ந்தது என்றால், அது வலிப்பு மாதிரி ஒன்று. அதற்குச் சுயேச்சை என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வராது. தற்செயலிலிருந்து விடுதலைக்குப் பாலம் கிடையாது என்பதில் பென்ரோஸும் கான்வேயும் ஒரே கட்சி. அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது.

பென்ரோஸ் தொடங்கிய இடம் இயற்பியலே அல்ல, தர்க்கம். 1931இல், அவர் பிறந்த அதே ஆண்டில், கர்ட் கோடல் ஒன்றை நிறுவினார்: எண்கணிதத்தைப் பேசும் அளவுக்கு வலுவான, முரண்பாடில்லாத எந்த விதித்தொகுப்பை எடுத்துக்கொண்டாலும், அதனால் நிரூபிக்க முடியாத ஓர் உண்மைக் கூற்று அதற்கு வெளியே நின்றுகொண்டே இருக்கும். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இதைப் பற்றிய விரிவுரைகளைக் கேட்ட பென்ரோஸுக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. அந்தத் தொகுப்பால் எட்ட முடியாத கூற்று உண்மைதான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? தொகுப்புக்கு வெளியே நின்று அதைப் பார்க்கும் ஏதோ ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது வெறும் கணக்கீடாக இருக்க முடியாது. 1989இல் வந்த ‘தி எம்பரர்ஸ் நியூ மைண்ட்’, 1994இல் வந்த ‘ஷேடோஸ் ஆஃப் த மைண்ட்’ என்ற இரண்டு தடித்த நூல்களும் இந்த ஒரு பொறியிலிருந்து வளர்ந்தவை. கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்குப் ‘புரிவது’ இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

இந்த முதற்படியிலேயே பலர் அவரை நிறுத்தினார்கள். ஏறக்குறைய இதே வாதத்தை 1961இல் தத்துவவாதி லூகாஸ் முன்வைத்திருந்தார். அதற்கும் முன்பே ஆலன் டூரிங் இந்த ஆட்சேபத்துக்கு விடை சொல்லிவிட்டார்: மனிதனும் தவறு செய்கிறவன்தானே, பிழையே செய்யாத இயந்திரத்துக்குத்தானே கோடலின் கட்டுப்பாடு பொருந்தும். என் மூளை முரண்பாடில்லாத தொகுப்பு என்று எனக்கு யார் சான்றிதழ் கொடுத்தது? இந்தக் கேள்விக்குப் பென்ரோஸின் பதில்கள் எனக்கு நிறைவாக இல்லை. வாதம் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன்மேல் மாடி கட்டுவதற்கு முன் அஸ்திவாரத்தை இன்னொரு முறை தட்டிப் பார்த்திருக்கலாம்.

அவர் மாடி கட்டினார். மூளையும் பௌதிகப் பொருள். அது கணக்கீட்டுக்கு அடங்காத ஒன்றைச் செய்கிறது என்றால், பௌதிக விதிகளிலேயே கணக்கீட்டுக்கு அடங்காத ஓர் இடம் இருந்தாக வேண்டும். நியூட்டனில் அது இல்லை, ஐன்ஸ்டைனில் இல்லை, ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டிலும் இல்லை. எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிவிடலாம். ஓட்டை ஒன்றுதான் மிச்சம். ஒரே துகள் இங்கேயும் அங்கேயுமாக இரண்டு நிலைகளின் கலப்பில் இருக்கிறது. அளந்து பார்த்தால் ஒரே நிலையாக ஒடுங்கிவிடுகிறது. இந்த ஒடுக்கம் எப்போது, எதனால் நடக்கிறது என்று பாடநூல்கள் சொல்வதில்லை. பார்ப்பவரின் பிரக்ஞையே ஒடுக்கத்தை உண்டாக்குகிறது என்று 1961இல் யூஜின் விக்னர் எழுதினார். பிற்பாடு அவரே அதைக் கைவிட்டார். பென்ரோஸ் அந்தக் காரண ஓட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ஒடுக்கம் யாரும் பார்க்காமலே நடக்கிறது, ஈர்ப்பு விசையால் நடக்கிறது. அப்படி ஒடுங்கும் நொடிகளே பிரக்ஞையின் விதைகள்.

ஈர்ப்பு எப்படி உள்ளே வருகிறது? ஒரு பொருள் இரண்டு இடத்தில் கலந்திருந்தால், கால-வெளியின் வளைவும் இரண்டு விதமாகக் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலப்பு நிலைக்காது என்றார். நிலைக்கும் நேரத்துக்கு ஒரு எளிய வாய்பாடும் தந்தார்: இரு நிலைகளுக்கும் இடையிலான ஈர்ப்பு ஆற்றல் கூடக்கூட, கலப்பின் ஆயுள் அதே விகிதத்தில் குறையும். ஒற்றை எலக்ட்ரான் யுகக்கணக்கில் கலந்தே கிடக்கலாம். பூனை அளவுப் பொருள் நொடிப்பொழுதுகூடத் தாங்காது. ஹங்கேரியின் லாயோஷ் டியோஷியும் வேறு வழியில் இதே வாய்பாட்டுக்கு வந்திருந்தார். மனத்தைப் பற்றிய பேச்சையே கழித்துவிட்டால்கூட இது இயற்பியலில் மதிக்கப்படும் கருதுகோள்தான்.

மூளையில் எந்த இடம் என்பதற்குப் பென்ரோஸிடம் விடை இல்லை. அவர் நூலைப் படித்துவிட்டு அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார்: ஸ்டூவர்ட் ஹாமரோஃப், மயக்க மருந்து மருத்துவர். மனிதரின் பிரக்ஞையைத் தினமும் காலையில் அணைத்து மாலையில் ஏற்றுகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வருவதில் வியப்பில்லை. அவர் காட்டிய இடம் நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதத்தால் ஆன, 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்கள். நரம்பணுக்களுக்குள் கட்டுக்கட்டாக இருப்பவை. அந்த டியூபுலின்களில் குவாண்டம் கலப்பு உருவாகி, ஒருங்கிசைந்து, பென்ரோஸின் வாய்பாட்டுப்படி ஒடுங்கும்போது ஒரு கணத் தன்னுணர்வு பிறக்கிறது என்று இருவரும் சேர்ந்து கோட்பாடு அமைத்தார்கள்.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு செடி குறுக்கே வருகிறது. செங்காந்தள், கொங்கு விவசாயி மொழியில் கண்வலிக்கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்கிசின் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கோல்கிசின் என்ன செய்கிறது? டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல்கள் கட்டப்படுவதைத் தடுக்கிறது. தாவரவியல் மாணவர்கள் வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதை நிறுத்திப் பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கவுட் என்கிற மூட்டுவலிக்கு அதே மருந்தை விழுங்குகிறவர்கள் பிரக்ஞை இழப்பதில்லையே என்று 1995இல் ரிக் கிரஷும் பாட்ரீஷியா சர்ச்லேண்டும் கேட்டார்கள். அந்த மருந்து மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை என்பது பென்ரோஸ் தரப்பின் பதில். நியாயமான பதில்தான். ஆனால் வெங்காய வேரிலும் அதே குழல்தானே இருக்கிறது, வெங்காயத்துக்கும் ஏதாவது உதிக்கிறதா என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

கனமான அடி 2000இல் விழுந்தது. மூளை 37 டிகிரி வெப்பத்தில் நனைந்த உறுப்பு. அயனிகளும் நீர் மூலக்கூறுகளும் ஓயாமல் மோதுகின்றன. அந்தச் சந்தைக்கடை இரைச்சலில் நுண்குழலின் குவாண்டம் கலப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று மாக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். விடை, ஒரு வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. எண்ணம் ஒன்று உருவாக வினாடியின் நூற்றில் ஒரு பங்காவது வேண்டும். எதிர்த்தரப்பு வேறு அனுமானங்களை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டு லட்சத்தில் ஒரு பங்கு முதல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை இழுத்துக்கொண்டு வந்தது. இன்னும் தூரம் இருக்கிறது. அப்புறம் இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில், 1,400 மீட்டர் பாறையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, ஜெர்மேனியம் உலோகக் கருவி ஒன்றை வைத்து இயற்பியலாளர்கள் காத்திருந்தார்கள். டியோஷி-பென்ரோஸ் ஒடுக்கம் உண்மையானால் மின்துகள்கள் மெல்லிய கதிர்வீச்சை உமிழ வேண்டும். எதிர்பார்த்தது வரவில்லை. 2020இல் வெளியான அந்த முடிவை நுண்குழல் கோட்பாட்டோடு பொருத்தி, அதன் எளிய வடிவம் ஏறக்குறைய சாத்தியமில்லை என்று 2022இல் எழுதினார்கள். தன் வடிவத்தில் அந்தக் கதிர்வீச்சு இல்லை என்று பென்ரோஸ் நிற்கிறார்.

கான்வே பக்கம் திரும்பினால் காற்றே மாறிவிடுகிறது. நுண்குழல் இல்லை, மூளை இல்லை, நரம்பு இல்லை. பிரின்ஸ்டனில் சக பேராசிரியர் சைமன் கோச்சனோடு சேர்ந்து 2006இல் அவர் வெளியிட்ட தேற்றத்தை ஒரு தேர்வு மண்டபக் கதையாகச் சொல்லிவிடலாம். என் கற்பனைதான், கணக்கு அவர்களுடையது.

இரட்டைப் பிள்ளைகள் இருவர். ஒருவன் பூமியில் தேர்வு எழுதுகிறான், ஒருவன் செவ்வாயில். பாடத்திட்டத்தில் மொத்தம் 33 கேள்விகள், விடை ஒன்று அல்லது பூஜ்யம். பூமியின் கண்காணிப்பாளர் அதிலிருந்து ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்றை எடுத்துக் கேட்பார். விடைகளில் இரண்டு ‘ஒன்று’, ஒரு ‘பூஜ்யம்’ கட்டாயம் இருக்க வேண்டும். செவ்வாயில் ஒரே ஒரு கேள்வி. அது பூமியில் கேட்ட மூன்றில் ஒன்றாக இருந்துவிட்டால் இரு பிள்ளைகளின் விடையும் ஒத்துப்போக வேண்டும். கேள்விகள் உண்மையில் விண்வெளியின் 33 திசைகள். பிள்ளைகள் ஒரு வகைப் பிணைந்த துகள்கள். விடை என்பது அந்தத் திசையில் சுழற்சியின் வர்க்கம். குவாண்டம் இயற்பியலின்படி இந்தப் பிள்ளைகள் எல்லாத் தேர்விலும் தவறாமல் தேறுவார்கள்.

எப்படித் தேறுகிறார்கள்? நாம் நினைப்பது, பிட் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று. 33 கேள்விக்கும் விடை எழுதிய துண்டுச் சீட்டு, இருவர் சட்டைப்பையிலும் ஒரே நகல். கோச்சனும் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கரும் 1967லேயே காட்டியது, அப்படி ஒரு பிட் எழுதவே முடியாது என்பதுதான். அன்று அவர்களுக்கு 117 திசைகள் தேவைப்பட்டன. ஆஷர் பெரெஸ் அதை 33ஆகக் குறைத்தார். எந்தத் திசைக்கு எந்த விடை எழுதினாலும், எங்காவது ஒரு மூன்றில் இரண்டு ஒன்று, ஒரு பூஜ்யம் என்ற கட்டளை உடையும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பென்சிலால் சரிபார்க்கக்கூடிய விஷயம் இது. நம்பிக்கைக்கு வேலையே இல்லை. சரி, கூடக் கேட்கப்படும் கேள்விகளைப் பார்த்து விடையை மாற்றிக்கொள்கிறான் என்று வைத்துக்கொண்டால்? அதற்குத்தான் செவ்வாய். அங்கே இருக்கிறவனிடம் கேட்பது ஒரே கேள்வி. பூமியில் கூடக் கேட்டவை என்னென்ன என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. ஒளியைவிட வேகமாகச் சேதி போகாது. ஆனாலும் விடை ஒத்துப்போகிறது.

இதிலிருந்து தேற்றம்: எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற கண்காணிப்பாளரின் தேர்வு அதுவரையிலான உலக வரலாற்றால் தீர்மானிக்கப்படவில்லை என்றால், துகள் சொல்லும் விடையும் அதுவரையிலான உலக வரலாற்றால் தீர்மானிக்கப்படவில்லை. பரிசோதிப்பவருக்குச் சுயேச்சை இருந்தால் துகளுக்கும் இருக்கிறது. கான்வே இதற்கு ‘சுயேச்சைத் தேற்றம்’ என்றே பெயரிட்டு, 2009இல் பிரின்ஸ்டனில் ஆறு பொது உரைகள் நிகழ்த்தினார். நாடகம் என்றால் அவருக்குப் பிடிக்கும். ‘தீர்மானமின்மைத் தேற்றம்’ என்று வைத்திருந்தால் எவர் கேட்க வருவார்?

ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. நான் மிகவும் ரசித்தது அது. சோழி வாதத்தைக் கான்வேயும் கோச்சனும் எப்படித் தள்ளினார்கள் தெரியுமா? துகள் சோழி உருட்டி விடை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சோழிகளையெல்லாம் பிரபஞ்சம் தொடங்கும்போதே உருட்டி, விழுந்த எண்களை ஒரு பட்டியலாக எழுதி, துகளிடம் கொடுத்தனுப்பியிருந்தால் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலும் ஒரு பிட்தான். பிட் கூடாது என்று முன்னமே தெரிந்துவிட்டது. எனவே துகள் செய்வது வெறும் தற்செயல்கூட இல்லை. இந்த இடத்தில் இயற்பியலாளர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். உருட்டும் சோழி இரு துகளுக்கும் பொதுவாக, அப்போதைக்கப்போது உருள்வதாக இருக்கலாமே, முன்கூட்டியே எழுதியதாக ஏன் கருத வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்வதில் பலம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தேற்றத்தின் நடுப்பகுதிக்கு அதனால் சேதமில்லை. ‘தற்செயலையும் தாண்டியது’ என்ற மகுடம்தான் ஆட்டம் காண்கிறது.

தேற்றத்திலிருந்து தப்ப இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, இரு மண்டபத்துக்கும் இடையே ரகசியத் தொலைபேசி. டேவிட் போமின் கோட்பாடு அந்தப் பக்கம். மற்றொன்று வினாத்தாள் கசிவு. கண்காணிப்பாளர் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்பதும் பிள்ளையின் விடையும் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே சேர்ந்து எழுதப்பட்டவை; கண்காணிப்பாளர் தானாகத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். 1999இல் நோபல் பெற்ற ஜெரார்ட் ட் ஹூஃப்ட் இந்தக் கதவருகே நிற்கிறார். இதைத் தர்க்கத்தால் மறுக்க முடியாது என்பதைக் கான்வே மறைக்கவில்லை. 2016 நவம்பர் 30 அன்று பார்சிலோனா ஆய்வாளர்கள் தலைமையில் உலகெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இணைய விளையாட்டு ஒன்றில் பூஜ்யத்தையும் ஒன்றையும் தோன்றியபடி தட்டினார்கள். ஐந்து கண்டங்களின் ஆய்வகங்கள் அந்த எண்களை வைத்துப் பிணைந்த துகள்களைச் சோதித்தன. குவாண்டம் இயற்பியல் வழக்கம்போல ஜெயித்தது. தட்டியவர்களின் விரல் சுதந்திரமாகத்தான் தட்டியதா என்று அந்தச் சோதனை சொல்லாது. அது சோதனைக்குள் போட்ட சரக்கு, வெளியே வந்த விளைச்சல் இல்லை.

இனி இரண்டையும் ஒட்டி வைக்கலாம். தமிழில் விதி என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. விளையாட்டு விதியும் அதுதான், தலைவிதியும் அதுதான். இந்த இருவரையும் பிரித்தறிய எனக்கு அந்தச் சொல்லே போதும்.

கான்வேக்கு உலகப் புகழ் தந்தது 1970இல் வந்த ‘லைஃப்’ விளையாட்டு. அதனாலேயே தன்னை அறிகிறார்கள் என்று அவருக்கு எரிச்சலும் உண்டு. கட்டம் போட்ட தாள். உயிருள்ள கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ உயிருள்ள அண்டைகள் இருந்தால் பிழைக்கும், செத்த கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் உயிர் பெறும், மற்றபடி சாவு. அவ்வளவே. முதல் தாளில் எழுதியது கடைசித் தாள் வரை தீர்மானம். விதியே தலைவிதியாகிப்போன உலகத்துக்கு இதைவிடச் சுத்தமான மாதிரி கிடையாது. அதைப் படைத்த கையே, நாம் வாழும் உலகம் அப்படிப்பட்டதல்ல என்று தேற்றம் எழுதியது.

பென்ரோஸோ தலைவிதியைக் கண்டு அஞ்சவில்லை. அவர் நூலில் ஒரு பொம்மை உலகம் வருகிறது. சில வடிவத் துண்டுகளால் தளம் முழுவதையும் மூட முடியுமா என்ற கேள்விக்கு எல்லாச் சமயத்திலும் விடை தரும் கணக்கீட்டு முறை கிடையாது என்று 1966இல் ராபர்ட் பெர்கர் நிறுவியிருந்தார். பென்ரோஸின் பொம்மை உலகம் அந்த விடையைப் பொறுத்தே ஒவ்வொரு நொடியும் நகரும். அடுத்த நொடி முற்றிலும் தீர்மானமானது. ஆனால் எந்தக் கணினியாலும் அதைக் கணித்துச் சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியிருந்தது இதுதான், கணக்கீட்டுக்கு அடங்காத தலைவிதி. எனவே அவர் கோட்பாடு முழுக்க வென்றாலும், நாம் சுயேச்சை உள்ளவர்கள் என்று அது சொல்லிவிடாது. சுயேச்சை பற்றிக் கேட்டால் அவர் தயங்கியே பேசுகிறார். அவர் மனிதனுக்குப் புரிதல் உண்டு, விடுதலை உண்டா என்பது தெரியாது. கான்வேயின் துகளுக்கு விடுதலை உண்டு, ஆனால் தான் இருப்பதுகூட அதற்குத் தெரியாது. பிரக்ஞையையும் சுயேச்சையையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு, இரண்டும் இவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதே செய்தி.

இன்னொன்று. குவாண்டம் நமக்குச் சுயேச்சை தந்தது என்ற வாக்கியத்தை இந்த இருவரில் எவரும் சொல்லவில்லை. நமக்குப் புரிகிறது என்பதைப் பென்ரோஸ் முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு இடம் கொடுக்க இயற்பியலைத் திருத்தச் சொல்கிறார். நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் கான்வே முதலில் எடுத்துக்கொண்டு, அதே உரிமையைத் துகளுக்கும் கேட்கிறார். இருவரிடமும் போக்குவரத்து நம்மிடமிருந்து துகளுக்குத்தான். துகளைப் பார்த்து நம்மைத் தெரிந்துகொண்டதாகச் சொல்லும் மேடைப்பேச்சு இந்த வண்டியை எதிர்த்திசையில் ஓட்டுகிறது.

யார் பக்கம் சாய்வது என்றால், நிரூபணத்துக்குக் கான்வேயை நம்புவேன். ஆனால் அவர் தேற்றம் மூளையின் வாசற்படி வரைகூட வருவதில்லை. துகள்களின் விடுதலையே நம் விடுதலைக்கு மூலமாக இருக்கலாம் என்று அவரும் கோச்சனும் ஆசைப்பட்டு எழுதினார்கள். எந்த ஏணி வழியாக என்று சொல்லவில்லை. ஒரு நரம்புத்துடிப்பில் கோடிக்கணக்கான அயனிகள் ஒன்றாக நகர்கின்றன, ஒற்றைத் துகளின் குறும்பு அந்தக் கூட்டத்தில் எப்படித் தப்பிப் பிழைக்கும் என்பது அவர் எழுப்பாத கேள்வி. பென்ரோஸ் ஏணி போட்டுப் பார்த்தார். படிகள் ஒவ்வொன்றாக உடைகின்றன என்பதே, அவை உண்மையான மரத்தால் செய்தவை என்பதற்குச் சாட்சி. 2024இல் வெல்லஸ்லி கல்லூரியில், நுண்குழல்களை உறுதிப்படுத்தும் எப்போதிலோன் பி என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு ஐசோஃப்ளூரேன் மயக்கம் தந்தார்கள். எலிகள் மயங்கச் சராசரியாக 69 வினாடிகள் கூடுதலாயின. மயக்கத்துக்கும் நுண்குழலுக்கும் உறவு உண்டு என்று அது காட்டுகிறது. அந்த உறவு குவாண்டம்வழி வந்ததா என்பதற்கு 69 வினாடி போதாது.

2020 ஏப்ரல் 11 அன்று நியூ ஜெர்சியில் கொரோனாவால் கான்வே இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பென்ரோஸுக்கு நோபல் பரிசு வந்தது. 1965இல் கருந்துளை பற்றி அவர் நிறுவிய தேற்றத்துக்காக. மனத்தைப் பற்றி எழுதிய ஆயிரம் பக்கங்களைப் பரிசுக்குழு தொடவில்லை.

பட்டத்தையும் அம்பையும் வைத்து யாராவது நிஜமாகத் தரை போட்டுப் பார்த்தால் ஒரு சங்கடம் தெரியும். அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்து, நிபந்தனை மீறாமல் ஒட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எந்தத் துண்டும் சேராமல் நின்றுவிடும். பல துண்டுகளைப் பெயர்த்தெடுக்க வேண்டி வரும். அதே போன்ற ஒழுங்கு 1982இல் டான் ஷெக்ட்மன் கண்ட உலோகக் கலவையில் தானாக வளர்ந்திருந்தது. தூரத்தைப் பார்க்காமல் அணுக்கள் எப்படிச் சிக்காமல் அடுக்கிக்கொண்டன? இடத்துக்கு இடம் தாவும் குவாண்டம் கூட்டுறவு ஏதோ இதில் இருக்க வேண்டும், மூளையின் நரம்பிணைப்புகள் வளர்வதும் அப்படியே இருக்கலாம் என்று 1989 நூலில் பென்ரோஸ் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே நான்கு இயற்பியலாளர்கள் வேறொரு வழி காட்டியிருந்தார்கள். அக்கம்பக்கம் மட்டும் பார்த்து ஒட்டினாலே எல்லையில்லாமல், எங்கும் நிற்காமல் வளர்த்துக்கொண்டு போகலாம். அதற்கு நடுவில் வைக்கும் முதல் கொத்தில் மட்டும் ஒரு பிழை இருக்க வேண்டும்.